கீழே ஒரு ரவுட்டர், மாடியில் ஒரு ரவுட்டர், பிரிண்டர் மட்டும் ஒன்று: எந்த வழி யாருக்கு?

சென்னையில் மடிப்பாக்கம், நங்கநல்லூர், கொளத்தூர் பக்கத்துத் தனி வீடுகளில் இப்போது சர்வசாதாரணமாகப் பார்க்கும் ஏற்பாடு இது. கீழ் ஹாலில், ஃபைபர் கனெக்‌ஷனோடு நெட்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டி. கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு சிக்னல் ஏறவில்லை என்று ரிச்சி தெருவில் வாங்கிவந்த இன்னொரு ரவுட்டர். இரண்டையும் இணைக்கப் படிக்கட்டுச் சுவரோரமாக ஒரு லேன் கேபிள். பிரிண்டர் மாடியில், பிள்ளைகள் படிக்கிற மேஜைக்குப் பக்கத்தில். அப்பா கீழே உட்கார்ந்து வருமான வரி ரசீதுக்கு பிரிண்ட் கொடுத்தால் "பிரிண்டர் ஆஃப்லைன்" என்று வருகிறது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய் அங்குள்ள வைஃபைக்கு மாறினால் உடனே காகிதம் வெளியே வருகிறது.

வழி கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் பெட்டிகளை வாங்குங்கள், சிக்னலை நீட்டும் ரிப்பீட்டர் போடுங்கள், பிரிண்டரையே மாற்றுங்கள் என்று. வாங்கச் சொல்லும் யோசனைகளைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பிரிண்டரில் கோளாறு கிடையாது, தூரமும் காரணம் இல்லை. வீட்டுக்குள் யாரும் கவனிக்காமலேயே இரண்டு நெட்வொர்க் உருவாகிவிட்டது. அந்த இரண்டாவது நெட்வொர்க் உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்துவிட்டால், பாதி வழிகள் தானாகக் கழன்றுவிடும்.

## உங்கள் வீட்டில் இருப்பது ஒன்றா, இரண்டா?

போனில் வைஃபை பெயரைத் தொட்டு விவரத்தைத் திறந்தால் ஐபி முகவரி தெரியும். கீழே நிற்கும்போது ஒருமுறை, மாடியில் ஒருமுறை பாருங்கள். கீழே 192.168.1.34 என்றும் மாடியில் 192.168.0.105 என்றும் இருந்தால் மூன்றாவது எண் வேறு, அதாவது இரண்டு நெட்வொர்க். ஜியோ பெட்டி இருக்கும் வீடுகளில் கீழே 192.168.29 என்று தொடங்கும். இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ள மாடி ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து, இன்டர்நெட் முகவரி என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கேயும் 192.168 என்று இருந்தால் அது கீழ்ப்பெட்டிக்கு உள்ளே இன்னொரு கூட்டத்தைத் தனியாக நடத்துகிறது என்று பொருள்.

வைஃபை பெயர் ஒன்றாக இருப்பதை நம்ப வேண்டாம். நிறைய வீடுகளில் இரண்டு ரவுட்டருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் வைத்திருப்பார்கள். போன் படிக்கட்டில் ஏறும்போதே சத்தமில்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். காலையில் வந்த பிரிண்ட் மாலையில் வராமல் போவதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

சரி, இரண்டு நெட்வொர்க் என்றால் ஏன் பிரிண்டர் கண்ணில் படுவதில்லை? போனோ லேப்டாப்போ பிரிண்டரைத் தேடுவது, தெருவில் நின்று "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பது போல. இந்தக் குரல் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353 என்ற போர்ட்டில் (கருவிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) போகிறது. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். ஆனால் ரவுட்டர் அதை அடுத்த பக்கத்துக்குக் கடத்தாது. கடத்தக் கூடாது என்பதுதான் விதி. 2010 நவம்பரில் ஐபோனுக்கு வந்த ஏர்பிரிண்ட் என்ற பிரிண்ட் வசதி தொடங்கி இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் வரை எல்லாமே இந்த முறையை நம்பித்தான் பிரிண்டரைக் கண்டுபிடிக்கின்றன.

இதைவிட முக்கியமான இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் பாதை ஒருவழிதான். மாடி ரவுட்டருக்கு உள்ளே இருக்கும் லேப்டாப், கீழே உள்ள பிரிண்டரின் ஐபி முகவரி தெரிந்தால் நேராகப் போய்ச் சேர்ந்துவிடும். கீழே இருக்கும் லேப்டாப் மாடிக்குள் நுழைய முடியாது, மாடி ரவுட்டர் வாசலிலேயே நிறுத்திவிடும். அப்பாவின் லேப்டாப் திணறுவது இதனால்தான். பிரிண்டர் உள்கூட்டத்தில் இருக்கிறது, அவர் வெளிக்கூட்டத்தில் இருக்கிறார்.

## எதை வைத்து எடைபோடுவது

விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நான் முதலில் கேட்பது, வீட்டில் ஐபோன் இருக்கிறதா என்பது. விண்டோஸிலும் மேக்கிலும் பிரிண்டரின் ஐபி முகவரியைக் கையால் தட்டிச் சேர்க்கலாம். ஆண்ட்ராய்டிலும் முடியும். ஐபோனின் பிரிண்ட் திரையில் அதற்கு இடமே கிடையாது. தானாகக் கண்ணில் பட்டால்தான் உண்டு.

அடுத்தது, கரன்ட் போய் வந்தபின் தானாக வேலை செய்யுமா. மழைக்காலத்தில் ஒரே நாளில் பலமுறை கரன்ட் போய் வரும் ஏரியாக்களில் இது சின்ன விஷயம் இல்லை. மூன்றாவது, ஸ்கேன். பிரிண்ட் போகும் எல்லா வழியிலும் ஸ்கேன் திரும்பி வராது. நான்காவது, பராமரிப்பு. இதையெல்லாம் அமைத்த பையன் சிறுசேரியில் ஆபீஸில் இருக்கும்போது, வீட்டில் அம்மா தனியாகச் சமாளிக்கும்படி இருக்கிறதா? கடைசியாக, மாடியில் இருப்பது சொந்தக் குடும்பமா, வாடகைக்கு இருப்பவர்களா. யார் யாருடைய கம்ப்யூட்டரைப் பார்க்கலாம் என்பது அதைப் பொறுத்தது.

| வழி | கைச்செலவு | போன் தானாகக் காணுமா | கீழும் மேலும் இரண்டிலிருந்தும் | கரன்ட் போய் வந்தால் |
|---|---|---|---|---|
| மாடி ரவுட்டரை ஆக்ஸஸ் பாயிண்ட் ஆக்குவது | இல்லை | காணும் | ஆம் | தானாகச் சரியாகும் |
| பிரிண்டரைக் கீழே வைத்து ஐபி மூலம் சேர்ப்பது | இல்லை | கீழே காணும், மாடியில் காணாது | ஆம், கையால் சேர்த்தால் | முகவரியை நிலைப்படுத்தியிருந்தால் சரி |
| மெஷ் | அதிகம் | ஒரே நெட்வொர்க் ஆக்கினால் காணும் | ஆம் | தானாகச் சரியாகும் |
| சிறு கம்ப்யூட்டரை நடுவில் வைப்பது | நடுத்தரம் | காணும் | ஆம் | தானாக எழும்படி அமைத்திருந்தால் சரி |
| வைஃபை டைரக்ட் | இல்லை | காணும், அதனோடு இணைந்திருக்கும் வரை | ஆம், சிக்னல் எட்டினால் | தானாகச் சரியாகும் |
| கம்பெனியின் கிளவுட் சேவை | பெரும்பாலும் இல்லை | ஆப் வழியாக | ஆம் | நெட் வந்தால்தான் |

## மாடி ரவுட்டரை ஆக்ஸஸ் பாயிண்ட் ஆக்குவது

ஒரே குடும்பம், ஒரே கனெக்‌ஷன் என்றால் மேற்கொண்டு படிக்காமல் இதையே செய்துவிடலாம். மாடி ரவுட்டர் தனிக்கூட்டம் நடத்துவதை நிறுத்திவிட்டு, கீழ்ப்பெட்டியின் நெட்வொர்க்கை மாடியில் வைஃபையாகப் பரப்பும் வேலையை மட்டும் செய்யும். பிரிண்டர் எந்தத் தளத்தில் இருந்தாலும் எல்லோருக்கும் தெரியும். ஐபோனுக்குத் தெரியும், ஸ்கேனும் வேலை செய்யும்.

சமீபத்திய ரவுட்டர்களில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. செட்டிங் பக்கத்தில் 'ஆபரேஷன் மோட்' என்ற இடத்தில் 'ஆக்ஸஸ் பாயிண்ட்' என்று மாற்றிச் சேமித்தால், ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழும். பெரும்பாலான மாடல்களில் கேபிளைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை.

அந்தத் தேர்வு இல்லாத பழைய ரவுட்டரிலும் கையால் செய்யலாம். ஆனால் வரிசை முக்கியம். கீழ்ப்பெட்டியின் முகவரி 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். முதலில் கீழிருந்து வரும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப்பை மாடி ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருகுங்கள். ரவுட்டரின் சொந்த முகவரியை 192.168.1.250 என்று மாற்றுங்கள். ஏன் 250? பல பெட்டிகள் 2-ல் தொடங்கி முகவரிகளை வாரி வழங்கும். 2 என்று வைத்தால் என்றாவது ஒரு நாள் யாரோ ஒருவருடைய போனும் ரவுட்டரும் ஒரே முகவரிக்கு மோதும். கீழ்ப்பெட்டி வழங்கும் எல்லையையும் 199 வரை என்று குறைத்துவிட்டால் கவலை இல்லை. பிறகு புதிய முகவரியில் மறுபடி உள்ளே போய், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி என்பதை அணையுங்கள். கடைசியாகத்தான் கீழிருந்து வரும் கேபிளைச் செருக வேண்டும். அதுவும் தனி நிறத்தில் இருக்கும் இன்டர்நெட் போர்ட்டில் செருகக் கூடாது, வரிசையாக இருக்கும் லேன் போர்ட்டுகளில் ஒன்றில்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. மாடி ரவுட்டரில் பிள்ளைகளுக்காக நேரக் கட்டுப்பாடு போட்டிருந்தால் அது போய்விடும். விருந்தினர் வைஃபை தனியாக இருந்தால், இனி அது தனியாக இல்லாமல் போகலாம். வீட்டின் எல்லாக் கருவிகளுக்கும் முகவரி கொடுக்கும் பாரம் கீழ்ப்பெட்டி ஒன்றின் மேல் விழும். பழைய ரவுட்டரின் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் தான் என்றால், 300-க்குப் பணம் கட்டினாலும் மாடியில் 100-தான் கிடைக்கும். இது முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும், இப்போது கண்ணில் படும்.

நிஜமான ஆபத்து வேறு. யாராவது மாடி ரவுட்டரின் ரீசெட் ஓட்டையில் ஊசியை விட்டால் அது பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். கேபிள் இப்போது லேன் போர்ட்டில் இருப்பதால், அது கீழ்ப்பெட்டிக்குப் போட்டியாக வீடு முழுக்க முகவரி வழங்க ஆரம்பிக்கும். சில போன்களில் நெட் வரும், சிலவற்றில் வராது, சற்று நேரத்தில் அது மாறும். பார்க்க வருபவர் ஃபைபரில் குறை என்று சொல்லிவிட்டுப் போவார். ரவுட்டரின் மேல் ஒரு டேப் ஒட்டி 'ஆக்ஸஸ் பாயிண்ட், ரீசெட் செய்யாதே' என்று எழுதிவைப்பது உத்தமம்.

## இரண்டையும் அப்படியே விட்டு, பிரிண்டரைக் கீழே வைப்பது

மேலே சொன்ன ஒருவழிப் பாதையைச் சாதகமாக்கிக்கொள்வது இது. பிரிண்டரைக் கீழ்ப்பெட்டியின் வைஃபையில் சேர்த்துவிட்டால் கீழே உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மாடியில் இருப்பவர்கள் ஐபி முகவரியைத் தட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரிண்டர் உடம்போடு கீழே இறங்க வேண்டும் என்றுகூட இல்லை. கீழ்த்தள வைஃபை மாடி மேஜை வரை மெல்லியதாக எட்டினாலும் போதும், பிரிண்டருக்கு வேகம் தேவைப்படாது.

செய்வதற்கு முன் ஒரு சோதனை. மாடி லேப்டாப்பின் பிரவுசரில் பிரிண்டரின் ஐபி முகவரியைத் தட்டுங்கள். மை அளவு காட்டும் பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் பாதை இருக்கிறது. அப்புறம் விண்டோஸில் பிரிண்டர் சேர்க்கும் இடத்தில், பட்டியலில் வரவில்லை, கையால் சேர்க்கிறேன் என்ற தேர்வுக்குப் போய் முகவரியைக் கொடுத்தால் முடிந்தது. பக்கம் திறக்கவில்லை என்றால் இரண்டு ரவுட்டரும் 192.168.1 என்றே தொடங்குகின்றனவா என்று பாருங்கள். மாடி ரவுட்டரின் எண்ணை 192.168.5.1 என்பது போல மாற்றினால் சரியாகிவிடும்.

குறைகள்: மாடியில் ஐபோனில் இருந்து வராது. பிரிண்டரின் ஸ்கேன் பட்டனை அழுத்தி மாடி லேப்டாப்புக்கு அனுப்புவது நடக்காது, ஏனென்றால் அது வெளியிலிருந்து உள்ளே போகும் திசை. லேப்டாப்பில் இருந்து ஸ்கேனைத் தொடங்குவது சில மாடல்களில் முடியும், சிலவற்றில் கம்பெனியின் ஆப் பிரிண்டரைக் கண்டுபிடிக்காமல் முரண்டு பிடிக்கும்.

மாடியில் ஆபீஸ் வேலைக்கென்று தனி ரவுட்டர் வைத்திருப்பவருக்கு இது சரியான வழி. வீட்டு டிவி, சிசிடிவி கேமரா எதுவும் ஆபீஸ் லேப்டாப் பக்கம் எட்டிப்பார்க்காது, பிரிண்ட் மட்டும் கீழே இறங்கும்.

மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டு, அவர்களுக்கும் இதே கனெக்‌ஷனை இரண்டாவது ரவுட்டர் மூலம் கொடுத்திருக்கும் ஹவுஸ் ஓனர்கள் கவனிக்க வேண்டும். தனி ரவுட்டர் கொடுத்ததால் நம் பக்கம் பத்திரம் என்று நினைப்பார்கள். நிலைமை தலைகீழ். பத்திரமாக இருப்பது குடித்தனக்காரர்தான், ஏனென்றால் அவர் உள்ளே இருக்கிறார். அவருடைய லேப்டாப் உங்கள் பிரிண்டரை அடைய முடிகிறது என்றால், உங்கள் கேமராப் பெட்டியையும் அடைய முடியும். அப்படிப்பட்ட வீட்டில் அவர்களைக் கீழ்ப்பெட்டியின் விருந்தினர் வைஃபைக்கு மாற்றுவது நல்லது. பிரிண்டர் பகிர்வது அதோடு முடிந்துபோகும், அதுவும் ஒருவகையில் நல்லதுதான்.

## மெஷ்

பிரிண்டருக்காக மட்டும் மெஷ் வாங்குவது அநியாயச் செலவு. மாடியில் வீடியோ கால் அறுந்துபோகிறது, படிக்கட்டில் சிக்னல் இல்லை என்ற குறைகளும் சேர்ந்திருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

விற்பவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. மெஷ் பெட்டியைக் கீழ்ப்பெட்டியில் செருகியவுடன் அது பெரும்பாலும் ரவுட்டராகவே எழும். அதாவது பழைய பிரச்சினை புதுச் சட்டை போட்டு வரும். கீழ்ப்பெட்டியின் வைஃபையில் பிரிண்டரோ டிவியோ மிச்சம் இருந்தால் அவை வெளிக்கூட்டத்தில் தனியாக நிற்கும். ஒன்று, மெஷ்ஷின் ஆப்பில் ஆக்ஸஸ் பாயிண்ட் முறைக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கீழ்ப்பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் மெஷ்ஷுக்கே கொண்டுவர வேண்டும். இரண்டில் எதையும் செய்யாதவர்கள்தான் பணம் கொட்டியும் பிரிண்ட் வரவில்லை என்று புலம்புகிறார்கள்.

சுவரில் செருகும் சாதாரண ரிப்பீட்டர், வேகத்தைக் குறைத்தாலும், வழக்கமாக அதே நெட்வொர்க்கைத்தான் நீட்டும். பிரிண்டருக்கு மட்டும் என்றால் அதுகூடப் போதும்.

## வைஃபையே இல்லாத பழைய லேசர் பிரிண்டர்

கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 இரண்டும் இங்கே எத்தனை வீட்டு மேஜைகளில், எத்தனை ஆடிட்டர் அலுவலகங்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன என்று சொல்லி மாளாது. யூஎஸ்பி மட்டும்தான், ஆனால் டோனர் எங்கும் கிடைக்கும், எளிதில் சாகாது. இவற்றைத் தூக்கிப்போட மனம் வராதவர்களுக்கு மூன்று பாதைகள்.

கம்ப்யூட்டரில் செருகி விண்டோஸ் மூலம் பகிர்வது ஒன்று. அந்தக் கம்ப்யூட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 2021-ல் பிரிண்ட் சேவையில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை மைக்ரோசாஃப்ட் அடைத்தபோது, செப்டம்பர் மாத அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கு 0x0000011b என்ற பிழை வந்து பகிர்வு நின்றுபோனது. பாதுகாப்பைத் தளர்த்தி அதைச் சரிசெய்யும் குறுக்குவழிகள் இன்னும் சுற்றுகின்றன. அவற்றைச் செய்யாதீர்கள்.

ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் செருகுவது இன்னொன்று. சில ரவுட்டர்களில் பிரிண்டர் வசதி இருக்கும், பலவற்றில் அந்தத் துளை பென்டிரைவுக்கு மட்டும். இருந்தாலும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ரவுட்டர் கம்பெனியின் மென்பொருளைப் போட வேண்டியிருக்கும், போன்களுக்கு வழி இருக்காது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சிறு கம்ப்யூட்டரில் லினக்ஸும் கப்ஸ் என்ற பிரிண்ட் மென்பொருளும் போட்டு, பிரிண்டரை அதில் செருகிவிடுவது. பழைய லேசரை அது ஏர்பிரிண்ட் பிரிண்டர் போல ஊருக்கு அறிவித்துவிடும், ஐபோனிலிருந்தே பிரிண்ட் போகும். இன்னொரு வித்தையும் உண்டு. ராஸ்பெர்ரி பையின் பல மாடல்களில் லேன் துளையும் வைஃபையும் இரண்டும் இருப்பதால், கேபிள் மூலம் கீழ் நெட்வொர்க்கிலும் வைஃபை மூலம் மாடி நெட்வொர்க்கிலும் ஒரே நேரத்தில் நிற்க முடியும். இரண்டு பக்கமும் அதன் குரல் கேட்கும். இரண்டு நெட்வொர்க்கையும் கலக்காமல் பிரிண்டரை மட்டும் பொதுவாக்க இதைவிட நேர்த்தியான வழி இல்லை.

ஆனால் வாங்கும் முன் பிரிண்டர் மாடலைப் பாருங்கள். 1020-க்கு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர் அதன் உள்நிரலை ஊட்ட வேண்டும். லினக்ஸில் அதற்கு வழி இருக்கிறது. 2900 பிடிவாதக்காரன். கேனான் கொடுத்த லினக்ஸ் டிரைவர் சாதாரண இன்டெல் வகைக் கம்ப்யூட்டர்களுக்கானது, ராஸ்பெர்ரி பையில் ஓடாது. அதற்குப் பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பே மேல். இதன் மறைமுகச் செலவு பணம் இல்லை, ஆள். லினக்ஸ் தெரிந்த ஒருவர் வீட்டில் இல்லையென்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

## கீழே ஒரு கம்பெனி நெட், மேலே வேறு கம்பெனி நெட்

அண்ணன் கீழே, தம்பி மாடியில், ஆளுக்கொரு கனெக்‌ஷன். இரண்டு நெட்வொர்க்குக்கும் நடுவில் கேபிளே இல்லை. இங்கே ஐபி முகவரி வித்தை பலிக்காது. இரண்டு பெட்டியையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டால் என்ன என்று தோன்றும். இரண்டும் போட்டி போட்டு முகவரி வழங்கி இரு வீட்டு நெட்டும் படுத்துவிடும்.

எளிய வழி வைஃபை டைரக்ட். பிரிண்டர் தானே ஒரு சிறு வைஃபையைக் கிளப்பும், பெயர் பெரும்பாலும் 'டைரக்ட்' என்று தொடங்கும். பல மாடல்களில் இது வழக்கமான வைஃபையோடு சேர்ந்தே ஓடும். எனவே அண்ணன் தன் ரவுட்டர் வழியாகவும், தம்பி டைரக்ட் வழியாகவும் அனுப்பலாம். தொல்லை என்னவென்றால், தம்பியின் லேப்டாப் அந்த நேரத்துக்கு நெட்டை விட்டுவிட்டு பிரிண்டரோடு சேர வேண்டியிருக்கும். ஒரே சமயத்தில் சில கருவிகளுக்கு மேல் சேர முடியாது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி சிக்னல் ஏறுமா என்பதும் சந்தேகம். மாதம் சில பக்கம் என்றால் இதுவே போதும். நிறைய பிரிண்ட் என்றால் மேலே சொன்ன சிறு கம்ப்யூட்டர் ஏற்பாடு இங்கேதான் காசுக்கு ஈடாகும்.

இரண்டு வீட்டிலும் ஆட்சேபணை இல்லையென்றால் ஒரு கனெக்‌ஷனை நிறுத்திவிட்டு மற்றதைப் பெரிய பிளானாக்கிப் பகிர்வதும் யோசிக்கத்தக்கது. ஆனால் அண்ணன் தம்பி பில் கணக்குக்கு எந்த ரவுட்டரும் தீர்வு சொல்லாது.

## கிளவுட் வழியாக

எங்கிருந்தும் இன்டர்நெட் வழியாக பிரிண்ட் அனுப்பவிட்ட கூகுள் கிளவுட் பிரிண்ட் இருந்தவரை இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. 2020 டிசம்பர் 31-ஓடு அதை மூடிவிட்டார்கள். இப்போது எப்சன், எச்பி போன்ற கம்பெனிகளின் சொந்தச் சேவைகள் இருக்கின்றன. எப்சன் கனெக்ட்டில் பிரிண்டருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைக்கும். அதற்குக் கோப்பை இணைத்து அனுப்பினால் காகிதம் வரும். எத்தனை ரவுட்டர் இருந்தாலும், அனுப்புபவர் துபாயில் இருந்தாலும் கவலை இல்லை.

பக்கத்து அறைக்குப் போக வேண்டிய ஆதார் நகல் ஊரைச் சுற்றி வெளிநாட்டு சர்வர் வழியாகப் போகலாம் என்பது ஒரு சங்கடம். நெட் போனால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பிரிண்டரும் செத்தது போல நிற்கும் என்பது இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் நின்ற ஏரியாக்களில் இருந்தவர்களுக்கு நெட் இல்லாத நாட்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எச்பியின் சில மாடல்கள் எப்போதும் நெட்டில் இருக்க வேண்டும், அசல் மைதான் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும். பெட்டி மேல் எச்பி பிளஸ் என்று இருந்தால் வாங்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

## போர்ட் திறப்பது

மாடி ரவுட்டரில் 9100 அல்லது 631 போர்ட்டைத் திறந்துவிட்டால் கீழிருந்து மாடி பிரிண்டரை அடையலாம். வேலை செய்யும், ஆனால் ஐபோன் காணாது, ஸ்கேன் வராது. பிரிண்டரைக் கீழே சேர்ப்பதே இதைவிட எளிது. இதே காரியத்தை இன்டர்நெட் பக்கம் பார்த்த பெட்டியில் மட்டும் செய்துவிடாதீர்கள். 2018 கடைசியில் அப்படி 9100 திறந்துகிடந்த உலகெங்குமுள்ள பிரிண்டர்களில், ஒரு யூடியூபருக்கு ஆதரவு கேட்டு யாரோ நோட்டீஸ் அச்சடித்துவிட்டார்கள்.

## ஜெராக்ஸ் கடை

கிண்டல் இல்லை. மாதத்தில் மூன்று நான்கு பக்கம்தான் என்றால் தெருமுனைக் கடைதான் மலிவு. அபூர்வமாக ஓடும் இங்க் பிரிண்டர், மே மாத வெயிலில் மை தெளிக்கும் தலை காய்ந்து, அதைச் சுத்தம் செய்யவே மையைக் குடிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள் என்பதுதான் குறை. ஆதார் அனுப்ப வேண்டியிருந்தால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை இறக்கி அனுப்புங்கள். வேலை முடிந்ததும் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். பழகிய கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

## எந்த வழியானாலும் கூடவே செய்ய வேண்டியவை

பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுங்கள். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் முகவரி ஒதுக்கீடு என்ற இடத்தில் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து ஒரு எண்ணைப் பூட்டிவிட்டால் போதும். இது இல்லாததால்தான் "போன வாரம் வந்தது, இப்போ வரலை" என்ற கதை.

வீட்டு பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். ரவுட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்து பிரிண்டர் சேராமல் அடம்பிடித்தால், 2.4-க்குத் தனிப்பெயர் வைத்து முயலுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 3 மட்டும் என்று இருந்தாலும் பழைய பிரிண்டர் சேராது. பிரிண்டரைத் தவறியும் விருந்தினர் வைஃபையில் சேர்க்காதீர்கள், அங்கே ஒருவரை ஒருவர் பார்க்க விடமாட்டார்கள்.

கரன்ட் திரும்பும்போது பிரிண்டர் சீக்கிரம் எழுந்துவிடும், ஃபைபர் பெட்டி நிதானமாக எழும். முகவரி கொடுக்க ஆள் இல்லாததால் பிரிண்டர் தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒருமுறை அணைத்துப் போட்டால் சரி. ரவுட்டர்களுக்கு 12 வோல்ட் சிறு யூபிஎஸ் போட்டுவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை. இங்க் டேங்க் பிரிண்டரை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாம். லேசரை ஓட்டாதீர்கள், டோனரை உருக்கும் உருளை சூடேறும்போது இழுக்கிற கரன்ட்டுக்கு, மின்விசிறிக்கும் ட்யூப்லைட்டுக்கும் வாங்கிய இன்வெர்ட்டர் ஓவர்லோட் என்று கத்திவிட்டு அணைந்துவிடும்.